ஆட்டோமேட்டிக் காரில் குரூஸ் கண்ட்ரோல்: மேட்டிலும் இறக்கத்திலும்

குரூஸ் கண்ட்ரோலில் 80 கி.மீ. வேகத்தை வைத்துவிட்டால், நாம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே அந்த வேகத்தில் ஓட, கார் தன் வேகத்தை ஓயாமல் கவனித்து த்ராட்டிலைக் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) கூட்டும், குறைக்கும். எந்த கியர் என்று முடிவு செய்வது கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறும்போது இது நன்றாகத் தெரியும். வேகம் சற்றுக் குறைந்ததும் த்ராட்டில் திறக்கும். அதுவும் போதாவிட்டால் கியர் ஒன்றிரண்டு இறங்கி எஞ்சின் சட்டென்று உறுமும். பயப்பட வேண்டாம், அது பழுது இல்லை. ஆனால் கியர் மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருந்தால், வைத்த வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இல்லையென்றால் ஏற்றம் முடியும்வரை நீங்களே ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஓட்டுங்கள். மேடு வருவது நம் கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும், சாதாரண குரூஸுக்குத் தெரியாது.

இறக்கத்தில்தான் அதிக கவனம் வேண்டும். பல கார்களில் சாதாரண குரூஸ் பிரேக் போடாது. த்ராட்டில் முழுதாக மூடியிருந்தாலும் வண்டி 80-ஐத் தாண்டி ஓடும். பிரேக்கைத் தொட்டால் குரூஸ் விலகிவிடும். பிறகு கியரை நாமே மாற்றும் மேனுவல் மோடில் கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியிலேயே இறங்குங்கள்.

அப்புறம், விலகிய குரூஸை முன்பு வைத்த வேகத்துக்கே திரும்பக் கொண்டுவரும் ரெஸ்யூம் பட்டன். வேகம் 50-க்கு வந்திருக்கும்போது அதை அழுத்தினால், சில கார்கள் கியரை இறக்கி வேகமாகப் பாயும். முன்னால் லாரி இருந்தால் ஆபத்து. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 75 வரை கொண்டுவந்த பிறகு அழுத்துங்கள், வண்டி அலுங்காமல் போகும்.

மழையில் நனைந்த சாலையில் குரூஸ் வேண்டவே வேண்டாம்.