பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்

சென்ட்ரல் ரயில் நிலையத்தில் குழந்தைகள் உதவி மையத்தில் வேலை பார்க்கிறேன். தனியாக வந்து இறங்கும் பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைகளிடம் முதலில் "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பேன். இட்லிப் பொட்டலம் பாதி காலியான பிறகே காரணம் வெளியே வரும். சினிமா ஆசையில் வருபவர்கள் உண்டு. ஆனால் நான் அதிகம் கேட்பது பயத்தைத்தான்: மார்க் குறைந்தது, அப்பா குடித்துவிட்டு அடிப்பது, பெண் பிள்ளை என்றால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுவது.

ரிசல்ட் வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். சொந்தக்காரர் முன்னால் யாரோடும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். போனைப் பிடுங்கினால், எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அப்போதே சொல்லுங்கள். "வீட்டை விட்டுப் போ" என்பது கோபத்தில்கூட வேண்டாம். அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு ஒரு பையன் பள்ளிச் சீருடையோடு வந்தான். பையில் ஜாமெட்ரி பாக்ஸ், டிபன் பாக்ஸ், வேறெதுவும் இல்லை.

காணவில்லையா? விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே போலீஸில் புகார் கொடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழையுங்கள். கட்டணம் கிடையாது, நடுராத்திரியிலும் அழைக்கலாம். எங்களிடம் வரும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள், பிள்ளையை எங்கே, யாரிடம் விடுவது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துவோம். அங்கே பார்த்ததும் "ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்று ஆரம்பிக்காதீர்கள், முதலில் பக்கத்தில் உட்காருங்கள். அடிக்குப் பயந்து வந்த பிள்ளை திரும்பிப் போக மறுத்தால், அதைக் குழுவிடமே சொல்லலாம்.