மரக்கறியிலும் பழத்திலும் பீடைகொல்லி எச்சத்தைக் குறைத்து வாங்குவது எப்படி

நுவரெலியாவிலும் வெலிமடையிலும் பிடுங்கப்படும் கோவா, லீக்ஸ், கரட் ஆகியவையும், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் ஊடாக வரும் கத்தரியும் வெண்டியும் பேலியகொடை மெனிங் சந்தையில் இறங்கி, அங்கிருந்து வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து சேர்கின்றன. இத்தனை கை மாறியபின், எந்தத் தோட்டத்தில் என்றைக்கு மருந்தடித்தார்கள் என்பதைக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. ஆகவே, வாங்கும்போது எதைத் தெரிவு செய்கிறோம் என்பதே கொழும்பில் வாழும் நமக்குள்ள முதற் பாதுகாப்பு. கழுவுவது அதற்கு அடுத்ததுதான்.

கடைசியாக மருந்தடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே இத்தனை நாள் பொறுத்திருக்க வேண்டும் என்ற கணக்கு ஒவ்வொரு பீடைகொல்லிக்கும் உண்டு. அந்த நாட்களில் வெயிலும் காற்றும் செடியின் வளர்ச்சியும் சேர்ந்து மருந்தின் அளவைக் குறைத்துவிடுகின்றன. கோவாவைப் போல ஒரே தடவையில் வெட்டப்படும் பயிரில் இந்தக் காத்திருப்பைக் கடைப்பிடிப்பது ஓரளவு எளிது. போஞ்சி, பாகற்காய், தக்காளி, கறிமிளகாய், கத்தரி போன்றவற்றிலோ ஒரே செடியில் பூவும் பிஞ்சும் பறிக்கும் பருவத்துக் காயும் சேர்ந்தே இருப்பதால், பிஞ்சைக் காப்பாற்ற அடிக்கும் மருந்து நாளைக்கே சந்தைக்குப் போகவேண்டிய காயையும் நனைக்கிறது. தொடர்மழைக் காலத்தில் பூஞ்சண நோய்க்காக மருந்தடிப்பு அதிகமாகும். அதே வேளையில் விலையும் ஏறுவதால் காத்திருக்கும் நாட்களைச் சுருக்கும் நெருக்கடி விவசாயிக்கு உண்டாகிறது. மலையகத்தில் மழை பிடித்து மரக்கறி விலை திடீரென்று உயரும் வாரங்களில் இவற்றைக் குறைத்து வாங்குவது பணத்துக்கும் உடலுக்கும் நல்லது.

அந்த வாரங்களில் வாங்குவதற்கு வேறு எவ்வளவோ உண்டு. பலாக்காய், ஈரப்பலா, வாழைப்பூ, முருங்கையிலை, மரவள்ளி, இராசவள்ளி ஆகியவை பெரும்பாலும் வீட்டு வளவுகளிலிருந்தும் மருந்து அதிகம் தேவைப்படாத நிலங்களிலிருந்தும் வருபவை. பழங்களில் பலாப்பழத்துக்கும் விளாம்பழத்துக்கும் இது பொருந்தும். வாரத்தில் இரண்டு மூன்று வேளை இவற்றைச் சமைத்தாலே மற்றவற்றின் பங்கு தானாகக் குறைந்துவிடும். ஒரே மரக்கறியை நாள்தோறும் உண்ணாமல் மாற்றி மாற்றிச் சமைத்தால் ஒரே மருந்து தொடர்ந்து உடலில் சேர்வதும் குறைகிறது. சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீடுகளில் இதில் கூடிய கவனம் வேண்டும்.

கடையில் காயைக் கையிலெடுத்துப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். திராட்சையின் மேல் சீராகப் படர்ந்து, விரல் பட்டதும் மங்கும் மெல்லிய சாம்பற் படலம் பழத்திற்கு இயல்பாக அமைந்த மெழுகு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. துளித் துளியாக வட்டமிட்டு உலர்ந்த வெள்ளைத் தடமோ, நீர் வடிந்து தேங்கும் கீழ் முனையிலும் காம்படியிலும் திரண்ட தூளோ தெளித்த மருந்து காய்ந்ததாக இருக்கலாம். அத்தகைய குலையை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். ஆனால் தடமில்லாத காயில் மருந்தில்லை என்று முடிவு செய்யவும் கூடாது. பூச்சி அரித்த ஓட்டையும் அத்தாட்சியாகாது. பூச்சியைக் கண்ட பிறகுதான் பலர் மருந்தடிக்கிறார்கள்.

‘சேதன’ என்று அட்டையில் எழுதி வைத்திருப்பது மட்டும் போதாது. சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் இலக்கமும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் பெற்ற பொருட்களும் சில கடைகளில் கிடைக்கின்றன. மருந்தே அடிக்கவில்லை என்பது அதன் பொருளன்று. அனுமதிக்கப்பட்ட மருந்தை உரிய அளவில் அடித்து, உரிய நாட்கள் காத்திருந்து பறிக்கும் முறைக்கே அந்தச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. என் பார்வையில், சான்றில்லாத ‘சேதன’ப் பொருளுக்கு இரட்டை விலை கொடுப்பதைவிட இதை நம்பலாம்.

வீட்டுக்கு வந்தபின், தோலுரிப்பதற்கும் நறுக்குவதற்கும் முன்பே கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மேலிருப்பதைக் கத்தியே உள்ளே கொண்டு சேர்க்கும். ஓடும் குழாய்நீரில் விரலால் நன்றாகத் தேய்ப்பதே அடிப்படை முறை. சவர்க்காரமும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். அவை காயில் ஊறி வேறொரு எச்சத்தை விட்டுச் செல்லும். கோவாவின் வெளி இலைகள் இரண்டு மூன்றை நீக்கிவிடுங்கள். வல்லாரையைப் பச்சையாகவே சம்பல் போடுவதால் அதற்குத் தனிக் கவனம் தேவை: கட்டை அவிழ்த்து, வேரையும் அடித்தண்டையும் வெட்டி நீக்கி, அகன்ற பாத்திரத்தில் நீர் நிறைத்துக் கீரையை அலசி, கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பாத்திரத்தோடு வடித்தால் அடியில் படிந்த மண்ணும் அழுக்கும் மறுபடி இலைமேல் விழும். நீர் தெளியும் வரை இப்படி மூன்று தடவையாவது செய்யவேண்டும்.

ஆப்பிள் போன்ற வழவழப்பான பழங்களுக்கு அப்பச்சோடா உதவும். மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு லீற்றர் நீருக்கு 10 கிராம் வீதம் கரைத்த சோடா நீர், ஆப்பிளின் மேற்பரப்பிலிருந்த இரண்டு பீடைகொல்லிகளை 12 முதல் 15 நிமிடங்களில் அகற்றியது. தோலுக்குள் ஊறியிருந்த பகுதியை அதனால் எடுக்க முடியவில்லை. செடியின் சாற்றோடு கலந்து உள்ளே பரவும் மருந்துகளுக்கும் இதே நிலைதான். உப்பும் மஞ்சளும் வினாகிரியும் அவற்றை வெளியே கொண்டுவரா. வாங்கும்போது செய்யும் தெரிவை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான். இறக்குமதித் தோடம்பழத்தின் தோலில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க மருந்து பூசப்படுவதுண்டு. அதை உரிக்குமுன் கழுவுங்கள், தோலைத் துருவிச் சமையலில் சேர்க்காதீர்கள். கரட்டைத் தோல் சீவிவிடலாம்.

இந்த அச்சத்தில் மரக்கறி உண்பதையே குறைப்பது பெருந்தவறு. அதனால் வரும் கேடு எச்சத்தால் வருவதைவிடப் பெரிது.

தொடர்மாடியில் வசிப்பவர்களுக்கும் வெயில் படும் பல்கணி இருந்தால் பச்சைமிளகாய், கறிவேப்பிலை, புதினா ஆகிய மூன்றையும் சாடியில் வளர்க்கலாம். கறிவேப்பிலையில் பூச்சி கண்டால் அந்த இலைகளைக் கிள்ளி எறியுங்கள், அல்லது நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். வீட்டில் கரப்பானுக்கு வைத்திருக்கும் மருந்தை மட்டும் அதன்மேல் அடித்துவிடாதீர்கள்.