நலிந்தும் ஊனத்துடனும் பிறக்கும் பல்லிக் குஞ்சுகளைப் பேணும் முறை

முட்டையிலிருந்து வெளிவந்த வளர்ப்புப் பல்லிக் குஞ்சு அசைவின்றிக் கிடந்தாலோ, அதன் வாலோ முதுகோ கோணியிருந்தாலோ, வளர்ப்பவர் முதலில் செய்வது அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பதுதான். வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் இரு பல்லி இனங்களை எடுத்துக்கொண்டால், பிறந்த லெப்பர்ட் கெக்கோ குஞ்சு ஏறத்தாழ 3 கிராம் எடை இருக்கும்; கிரெஸ்டெட் கெக்கோ குஞ்சு பெரும்பாலும் 2 கிராமுக்குள் அடங்கிவிடும். அவ்வளவு சிறிய உடலில், மூடாத தொப்புளும் இறுகாத எலும்பும் கொண்ட நிலையில், நம் விரல் படுவதே பெரிய சோதனை. கோணலாகப் பிறப்பது வேறு, நலிந்து பிறப்பது வேறு என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வால் முறுக்கிய குஞ்சு நன்றாகத் தின்று பல ஆண்டுகள் வாழக்கூடும். பார்வைக்கு ஒரு குறையுமில்லாத குஞ்சு பத்தே நாளில் வற்றிப் போகவும் கூடும். ஆகவே தோற்றத்தைக் கண்டு பதறாமல், அது நகர்கிறதா, நீரை நக்குகிறதா, தோலை முழுமையாக உரிக்கிறதா, தின்றதைக் கழிக்கிறதா என்ற நான்கையும் கவனிப்பதே சரியான தொடக்கம்.

முட்டையை விட்டு வெளிவரும் நேரம்

ஓட்டைக் கீறிய குஞ்சு மூக்கை மட்டும் வெளியே நீட்டியபடி பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாள் முழுவதும் கூட அப்படியே கிடக்கும். அது சோர்ந்துபோய்க் கிடப்பதாக நினைத்து வெளியே இழுப்பவர்கள் பலர். உண்மையில் அந்நேரத்தில்தான் எஞ்சிய மஞ்சள் கருவும் ஓட்டின் உட்புறக் குழாய்களில் உள்ள இரத்தமும் குஞ்சின் உடலுக்குள் திரும்பிக்கொண்டிருக்கும். அப்போது இழுத்தால் குழாய்கள் கிழியும். நல்ல குஞ்சையும் நலிந்த குஞ்சாக்கிவிடுவோம். மெல்லிய சவ்வு காய்ந்து மூக்கின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தை ஈரப்படுத்தலாம். ஈற்றுக்குப் பொதுவாக இரண்டு முட்டைகள் என்பதால், ஒன்று பொரித்து இரண்டு மூன்று நாட்களாகியும் மற்றது கீறப்படாமல் சுருங்கிக்கொண்டே போனால் அதை வெட்டித் திறக்கத் தோன்றும். ஓட்டைத் தானே கீற முடியாத குஞ்சு பெரும்பாலும் வெளியே வந்தாலும் நிலைப்பதில்லை என்பதால், இதைக் கடைசி வழியாகவே நான் கருதுகிறேன்.

வயிற்றின் கீழ் மஞ்சள் கருப் பை வெளியே தொங்கியபடி குஞ்சு வந்துவிட்டால், அதை இழுக்கவோ, வெட்டவோ, நூலால் கட்டவோ கூடாது. நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாள் விரித்த சிறிய பெட்டியில் குஞ்சைத் தனியாக வைத்து, அந்தப் பெட்டியை இன்குபேட்டருக்குள்ளேயே (முட்டைகளைச் சீரான சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டி) விட்டுவிடுவது நல்லது. ஈரம் இருக்கும்வரை பை காய்ந்து தாளில் ஒட்டாது. ஓரிரு நாட்களில் உள்ளே இழுக்கப்பட்டுவிடும், அல்லது எஞ்சியது சுருங்கித் தானே உதிரும். மண், மணல், தேங்காய் நார்த்தூள் ஆகியவற்றை இந்தக் கட்டத்தில் அண்டவே விடக்கூடாது, ஏனெனில் பையிலும் தொப்புளிலும் ஒட்டும் துகள்கள் நோய்த்தொற்றுக்கு வழிவிடும். பை கிழிந்து ஒழுகினாலோ, தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, ஊர்வனவற்றில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம் அன்றே காட்ட வேண்டும்.

இருப்பிடம்

நலிந்த குஞ்சுக்குப் பெரிய கண்ணாடித் தொட்டி தேவையில்லை. ஒரு சாண் நீளமுள்ள, காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியே போதும். இரை தேடியும் நீர் தேடியும் அது அலைய வேண்டியிருக்காது. உடன்பிறந்த குஞ்சோடு சேர்த்து வைப்பது தவறு. வலுத்த குஞ்சு வாலையும் விரலையும் கடிக்கும். கடிக்காவிட்டாலும் சூடான மூலையைத் தானே பிடித்துக்கொள்ளும். லெப்பர்ட் கெக்கோவுக்குப் பெட்டியின் ஒரு பக்கத் தரை 30 முதல் 32 டிகிரி செல்சியசும் மறுபக்கம் 24 முதல் 26 டிகிரியும் இருக்க வேண்டும். கிரெஸ்டெட் கெக்கோவோ 22 முதல் 26 டிகிரியில் நன்றாக இருக்கும். 28 டிகிரியைத் தாண்டிய சூட்டை அதனால் தாங்க முடியாது. சூடாக்கும் பாயை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இன்றிப் பயன்படுத்தவே கூடாது.

இங்கே ஊனமுள்ள குஞ்சுக்கென ஒரு மாற்றம் தேவைப்படுகிறது. நல்ல குஞ்சு சூடேறினால் குளிர்ந்த பக்கம் நகர்ந்துவிடும், ஆனால் கால் இழுத்துக்கொண்டிருக்கும் குஞ்சால் அது முடியாது. போட்ட இடத்திலேயே கிடந்து வெந்துபோகும். நடக்க இயலாத லெப்பர்ட் கெக்கோ குஞ்சுக்குப் பெட்டி முழுவதும் 28 டிகிரி அளவில் ஒரே சீராக இருப்பதே பாதுகாப்பு. அதேபோல் நீரையும் பாட்டில் மூடி அளவுள்ள தட்டில், சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டுமே வைக்க வேண்டும். தலையைத் தூக்க முடியாத குஞ்சு அரை அங்குல நீரிலும் மூழ்கிவிடும்.

பிறந்த ஒரு நாளிலோ அடுத்த சில நாட்களிலோ குஞ்சு முதன்முறையாகச் சட்டை உரித்து, உரித்த தோலைத் தானே தின்றுவிடும். நலிந்த குஞ்சு பாதியிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. விரல்களைச் சுற்றி நிற்கும் தோல் காய்ந்து இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலே உதிர்ந்துபோகும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஒரு சிறு பெட்டியில் விரித்து, குஞ்சை அதன்மேல் 15 நிமிடம் விட்டு, பிறகு ஈரப் பஞ்சுக் குச்சியை விரலின் அடியிலிருந்து நுனி நோக்கி உருட்டினால் தோல் தானாகக் கழன்று வரும். வராவிட்டால் மறுநாள் மீண்டும் செய்யலாம். காய்ந்த தோலை உரித்தெடுக்கக் கூடாது. லெப்பர்ட் கெக்கோவுக்கு இமைகள் உண்டென்பதால் அவற்றின் அடியிலும் தோல் தங்கிவிடும். அதை இடுக்கியால் எடுக்க முயலாமல் மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

உணவூட்டல்

முதல் மூன்று நான்கு நாட்கள் குஞ்சு எதையும் தின்னாததைக் கண்டு கவலைப்படத் தேவையில்லை. வயிற்றுக்குள் ஏறிய மஞ்சள் கருவே அந்நாட்களில் அதற்கு உணவு. அப்போது வாயைப் பிளந்து ஊட்டுவது, நிறைந்த வயிற்றில் மேலும் திணிப்பதாகவும் இளந்தாடையை முறிப்பதாகவும் முடியும். அதற்குப் பதிலாக 0.1 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை, குஞ்சைத் தொடாமல் ஒரு மூடியோடு சேர்த்து எடைபோட்டுக் குறித்து வருவது மிகவும் பயன் தரும். முதல் இரைக்கு முன் எடை சற்றுக் குறைவது இயல்பு. ஒரு வாரம் கடந்தும் ஏறாமல், வால் மெலிந்து, கண் குழிவிழுந்து, தோல் சுருங்கினால்தான் நாம் தலையிட வேண்டும்.

தலையிடும்போதும் முதலில் நீர், பிறகே இரை. மூக்கு நுனியில் ஒரு துளி நீரை வைத்தால் அது தானே நக்கும். சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சினால் நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நீரை நக்கும் வலு வந்த பிறகு, மீல்வார்ம் புழு ஒன்றின் தலையைக் கிள்ளி, அதிலிருந்து கசியும் சாற்றை உதட்டோரம் தொட்டுக் காட்டினால், நக்கத் தொடங்கி அப்படியே கவ்விக்கொள்ளும் குஞ்சுகள் பல. துரத்திப் பிடிக்க முடியாத குஞ்சுக்குப் பின்னங்கால் நீக்கிய கிரிக்கெட் பூச்சியைத் தரலாம். அதன் நீளம் குஞ்சின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அளவை மீறாதிருக்க வேண்டும். கிரெஸ்டெட் கெக்கோவுக்கு அதற்கென விற்கும் தூளுணவை நீரில் கரைத்து மூக்கில் தடவினாலே போதும். தின்னாத பூச்சிகளை இரவுக்குள் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் பசித்த கிரிக்கெட் பூச்சி அசையாத குஞ்சையே கடிக்கத் தொடங்கும்.

இரையின் மேல் கால்சியம் தூளை மெல்லத் தூவுவது எல்லாக் குஞ்சுகளுக்கும் பொருந்தும், எலும்பு வளைந்த குஞ்சுக்கோ அது இன்றியமையாதது. கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 தேவை. அது தூளின் வழியாகவோ மிதமான புறஊதா பி விளக்கின் வழியாகவோ கிடைக்கலாம். டி3 மிகுந்தாலும் கேடுதான் என்பதால் இரண்டையும் அளவின்றி ஒருசேரத் தருவது நல்லதல்ல.

ஊனங்களின் தன்மை

வால் கோணல் பெரும்பாலும் அழகுக் குறைவு மட்டுமே. அதை நேராக்க முயன்றால் குஞ்சு வாலை உதிர்த்துவிடும். லெப்பர்ட் கெக்கோவுக்கு அது குட்டையாகத் திரும்ப வளரும், கிரெஸ்டெட் கெக்கோவுக்கு வளரவே வளராது. கீழ்த்தாடை சற்று முன்னிற்கும் குஞ்சுகள் தோல் மென்மையான இரையைத் தட்டில் வைத்தால் சமாளித்துக்கொள்ளும், ஆனால் வாய் மூடாத குஞ்சுக்கு ஈறு காய்ந்து புண்ணாவதால் தொடர் கவனிப்பு வேண்டும். ஒரு கண் இல்லாத குஞ்சு மற்றவற்றைப் போலவே வாழும். இரு கண்ணும் இல்லாதது, இரைத் தட்டும் நீரும் மறைவிடமும் எப்போதும் அதே இடத்தில் இருந்தால் மணத்தாலும் பழக்கத்தாலும் தேடிக்கொள்ளும். ஆகவே பெட்டியின் அமைப்பைக் கலைக்கக் கூடாது.

கால் வளைவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பிறக்கும்போதே வளைந்திருந்த கால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நேராகப் பிறந்து, சில வாரங்கள் கழித்து வளையும் கால் வேறொன்றைச் சொல்கிறது. தாடை ரப்பர் போல மென்மையாவதும், விரல்கள் நடுங்குவதும், வயிற்றைத் தரையிலிருந்து தூக்க முடியாமல் இழுத்து நடப்பதும் கால்சியமும் டி3யும் போதாமையால் வரும் எலும்பு நோயின் அறிகுறிகள். அது பிறவி ஊனம் அல்ல. தொடக்கத்திலேயே மருத்துவர் பார்த்தால் நோய் நின்றுவிடும், ஏற்கெனவே வளைந்து இறுகிய எலும்பு மட்டும் நிமிராது. பிறந்த அன்றே நான்கு காலையும் முதுகையும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இந்த ஐயம் எழாது.

முதுகெலும்போ இடுப்போ கோணிய குஞ்சுகளில் கழிவைக் கவனிக்க வேண்டும். தின்றும் பல நாட்கள் கழிக்காமல் வயிறு உப்பினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இத்தகைய பெண் பல்லியை இணை சேர்த்தால் பின்னாளில் முட்டை இடுப்பில் சிக்கிச் சாகக்கூடும். தலையைச் சாய்த்து வட்டமிடுவதும் மேல்நோக்கி வெறிப்பதும் இரையைக் குறி தவறிக் கவ்வுவதும் எனிக்மா என்ற நிறவகை லெப்பர்ட் கெக்கோவில் பரம்பரையாக வரும் நரம்புக் கோளாறு. அதற்கு மருந்தில்லை; அமைதியான இடமும் இடுக்கியால் ஊட்டுவதும்தான் வழி.

நன்றாகத் தின்றும் வால் குச்சியாக வற்றி, தின்றதைக் கக்கும் குஞ்சைக் கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணி பிடித்திருக்கலாம். அது கழிவின் வழியே பரவும், சாதாரண பிளீச்சிங் கரைசலுக்கு அழியாது. கழிவைச் சோதனைக்குக் கொடுத்து முடிவு தெரியும்வரை அந்தக் குஞ்சுக்கென்றே தனி இடுக்கியும் தட்டும் வைத்து, மற்றப் பல்லிகளைக் கவனித்த பிறகு கடைசியாகவே அதனிடம் செல்ல வேண்டும்.

குடலும் உறுப்புகளும் வெளியே இருக்கப் பிறந்தது, கவிழ்த்தால் நிமிர முடியாதது, நீரைக்கூட நக்க இயலாமல் நாள்தோறும் எடை இழப்பது ஆகியவற்றை இழுத்துப் பிடித்து வைப்பது கருணை ஆகாது. அவற்றை மருத்துவர் மயக்கமளித்து வலியின்றி முடித்துவைப்பார். உறைபெட்டியில் வைத்தால் தூங்கியபடியே இறக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உணர்வுள்ள ஊர்வனவற்றுக்கு அது ஏற்ற முறையல்ல என்பதே கால்நடை மருத்துவத்தின் நிலைப்பாடு.

பிழைத்த ஊனக் குஞ்சை இனப்பெருக்கத்துக்கு விடாமல் வளர்க்க வேண்டும். அதே இணையிலிருந்து மீண்டும் ஊனக் குஞ்சுகள் வந்தால் இரத்த உறவும், இடைவிடாமல் முட்டையிட்ட தாயின் கால்சியக் குறைவும் ஐயத்துக்குரியவை. எல்லா இணைகளிலிருந்தும் வந்தால் குற்றம் இன்குபேட்டரில் இருக்கும். லெப்பர்ட் கெக்கோ முட்டைகள் 26 முதல் 28 டிகிரியில் பெரும்பாலும் பெண்ணாகவும் 32 டிகிரியை ஒட்டி பெரும்பாலும் ஆணாகவும் பொரிக்கின்றன. ஆண் வேண்டுமென்று சூட்டை ஏற்றுபவர் 34 டிகிரியைக் கடக்கும்போதுதான் கோணல்களும் சாவுகளும் கூடுகின்றன. இன்குபேட்டரின் திரை காட்டும் எண்ணை நம்பாமல், முட்டைகளுக்கு அருகிலேயே இரண்டாவது வெப்பமானியை வைத்து, இரவும் பகலும் அது எவ்வளவு ஏறி இறங்குகிறதென்று ஒரு வாரம் குறித்துப் பார்த்த பிறகே அடுத்த முட்டைகளை அதற்குள் வைக்க வேண்டும்.