வேர்வையை நம்பாமல் விட்டது

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் தினமும் 8 கிலோமீற்றர் ஓட்டம், பின்னேரம் ஜிம். சித்திரை பிறந்ததும் உடம்பு மக்கர் பண்ணத் தொடங்கிற்று. விடிய எழும்பினால் காலில் அம்மிக்கல் கட்டினது மாதிரி. இரவு 2 மணிக்கே முழிப்பு. படுக்கையிலேயே எண்ணிப் பார்த்தால் நாடி 58 இல் இருந்து 70 ஆகிவிட்டது.

புதுச் சப்பாத்து வாங்கினேன். முட்டையைக் கூட்டினேன். இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி. மூன்று கிழமை போச்சு.

ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆயுர்வேத வைத்தியர் ஐயா கேட்டது ஒன்றுதான்: "தம்பி, எப்ப நிப்பாட்டுறனீர்?" ஏலாமல் போகும்போது என்றேன். அர்த்தசக்தி, அதாவது பாதிப் பலத்தோடு நிறுத்த வேண்டுமாம். நெற்றியிலும் கமக்கட்டிலும் வேர்வை, வாய் வறட்சி, வாயால் மூச்சு வாங்குதல்தான் அடையாளம். அந்தப் பாதிப் பலமும் குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும்தான். வெயில் காலத்தில் இன்னும் குறைவு.

இங்கேதான் ஒரு சிக்கல். சித்திரையில் பண்ணையில் சும்மா நின்றாலே வேர்க்கும், கடற்காற்றில் உப்பும் ஈரமும். அதனால் வேர்வையை விட்டுவிட்டு மூக்கால் மூச்சு ஓடுதா என்று மட்டும் கவனித்தேன். வாய் திறந்த இடத்தில் நடை.

முதல் நாள் 2 கிலோமீற்றரிலேயே வாய் திறந்துவிட்டது, வெட்கக்கேடு! ஜிம்மையும் நிப்பாட்டினேன். குளிக்க முதல் காலுக்கு நல்லெண்ணெய்.

ஐந்தாம் நாள் விடியும்வரை நித்திரை. இரண்டாம் கிழமை நாடி 60. இப்போது கோட்டை மதில் தெரிந்ததும் திரும்பிவிடுகிறேன்.