காப்சாய் பின்பக்கம் இடிக்கிறதா? முதலில் காற்று, அப்புறம் ஸ்பிரிங்

எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு காப்சாயில், அதாவது என் சின்ன மோட்டார் சைக்கிளில், கிளம்பினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து ‘டக்’ என்று ஓர் அடி. “என்னடா இது, மாட்டு வண்டி மாதிரி குலுக்குது” என்றார் அம்மா. இருட்டியபின் திரும்பும்போது எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். வண்டியின் பின்பக்கம் அமுங்கி, என் ஹெட்லைட் அவர்கள் முகத்தில் அடித்திருக்கிறது.

அப்சார்பர் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் தண்டு) போய்விட்டது, புது ஜோடி வாங்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் பின் டயரில் 150 கேபிஏ (காற்றழுத்த அளவு) காற்றுதான் இருந்தது. அப்சார்பர் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் வளையம் முதல் படியிலேயே கிடந்தது. ஒரு காசு செலவில்லாமல் சரியானது. நான் செய்ததை இங்கே சொல்கிறேன். பின்னால் இரண்டு அப்சார்பர் உள்ள வண்டிக்கு இது பொருந்தும்.

1. எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் எடையோடு ஹெல்மெட், மழைக்கோட்டு, வழக்கமாகக் கொண்டுபோகும் பை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கு 88 கிலோ, அம்மா 55. கேஸ் தோம்பு (சிலிண்டர்) ஏற்றுகிறவர்கள் கவனிக்க: 14 கிலோ என்பது உள்ளே இருக்கும் கேஸ் மட்டும். இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

2. காற்று

இதை முதலில் செய்யக் காரணம் உண்டு. காற்று குறைந்த டயரே ஒரு ஸ்பிரிங் மாதிரி அமுங்கும். அந்த நிலையில் அப்சார்பரைத் திருகினால் எது எதனால் என்று கடைசிவரை புரியாது.

செயின் கவரிலோ பின் ஃபோர்க்கிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒருவர் போனால் எவ்வளவு, இருவர் போனால் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். ஹோண்டா வேவ் மாதிரியான வண்டிகளில் முன்னால் 200 கேபிஏ, பின்னால் ஒருவருக்கு 225, இருவருக்கு 280 என்பது வழக்கம். பிஎஸ்ஐ என்ற இன்னொரு அழுத்தக் கணக்கில் 29, 33, 41. உங்கள் ஸ்டிக்கரில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. கவனித்தீர்களா? ஆள் கூடினாலும் முன் டயரின் எண் மாறவில்லை. பின்னால் உட்காருகிறவர் ஏறக்குறைய பின் சக்கரத்தின் மேலேயே உட்காருகிறார், சுமை முழுக்க அங்கேதான் இறங்குகிறது.

டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தால்தான் இந்த எண்கள் பொருந்தும். ஓடினால் டயர் சூடாகும், உள்ளே காற்றழுத்தம் ஏறும். 10 டிகிரி செல்சியஸுக்குச் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் நிலையம் பக்கத்தில் இல்லாத தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வழி: காற்றழுத்தம் அளக்கும் சின்ன கேஜ் ஒன்று வாங்கிக் காலையில் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். 190 காட்டுகிறது, வேண்டியது 225 என்றால் குறை 35. நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது சூட்டில் 205 காட்டலாம். அதோடு 35 சேர்த்து 240 வைத்து அடியுங்கள். சூடான டயர் அதிகம் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள், மறுநாள் காலையில் குறைந்து நிற்கும்.

தனியாகப் போகும் கனமான ஆளுக்கு ஸ்டிக்கரில் எண் கிடையாது. நான் 250 வைக்கிறேன், இரண்டுக்கும் நடுவே. செம்பனைக் காட்டு மண் ரோட்டுக்குக் காற்றை நன்றாக இறக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். டியூப் போட்ட ஒல்லி டயரில் அது வேண்டாம் என்பேன். கல்லில் ஏறும்போது டியூப் ரிம்மில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும், காட்டுக்குள்ளிருந்து தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

டயர் ஓரத்தில் 2.50-17 38L என்பது போல எழுதியிருக்கும். அந்த 38 என்பது 132 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. 33 என்றால் 115 கிலோ. அழகுக்காக ஒல்லி டயர் மாட்டிக்கொண்டு ஜோடியாகப் போகும் தம்பிகள் ஒருமுறை குனிந்து பார்க்கலாம்.

3. எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது

டபுள் ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தைத் தொங்க விடுங்கள். அச்சு நட்டிலிருந்து நேர் மேலே, பின் கவரில் ஒரு டேப் துண்டு ஒட்டி, இடைப்பட்ட தூரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, வழக்கமான சுமையோடு ஏறி உட்காருங்கள். இரண்டு தடவை குலுக்கிவிட்டு அசையாமல் இருங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்கட்டும், இன்னொருவர் அளக்கட்டும்.

முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். சக்கரம் மொத்தம் மேலும் கீழும் போகும் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கினால் நல்லது. மொத்தம் 80 மில்லிமீட்டர் என்றால் 20 முதல் 27. எனக்கு அம்மாவோடு 45 வந்தது! மிச்சம் 35 மில்லிமீட்டரில் பள்ளத்தை எல்லாம் வாங்கச் சொன்னால் இடிக்காமல் என்ன செய்யும்?

4. வளையத்தைத் திருப்புவது

சில வண்டிகளில் கம்பெனியே போட்டுத் தந்த அப்சார்பரில் இந்த வளையமே இருக்காது. இருந்தால் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிப்படியாக வெட்டிய வளையம் தெரியும், பெரும்பாலும் 5 படி. மண்ணைக் கழுவிவிட்டு, டபுள் ஸ்டாண்டிலேயே கொக்கி ஸ்பேனரை மாட்டி ஒரு படி திருப்புங்கள். மறுபக்கமும் அதே படி. ஸ்குரூட்ரைவரும் சுத்தியலும் வேண்டாம். நான் அப்படித்தான் தொடங்கினேன், கை முட்டி தோல் போனது. ஐந்திலிருந்து நேராக ஒன்றுக்குத் தாவ விடாதீர்கள், வந்த வழியே ஒவ்வொரு படியாக இறக்குங்கள்.

திரும்பவும் அளந்து பாருங்கள். நான் தனியாகப் போக 2, அம்மாவோடு போக 4.

பலர் தவறாக நினைக்கும் விஷயம் இதுதான்: படியை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை. இன்னும் ஒரு சென்டிமீட்டர் அமுக்க முன்பு எத்தனை கிலோ தேவைப்பட்டதோ, இப்போதும் அத்தனைதான். வண்டியின் பின்பக்கம் உயர்கிறது, இடிப்பதற்கு முன்னால் இடம் கிடைக்கிறது, அவ்வளவே. கடைசிப் படியிலும் அளவுக்கு மேல் அமுங்கினால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பத்தாது, கெட்டியான ஸ்பிரிங்தான் மாற்ற வேண்டும். அதேபோல் 55 கிலோ ஆள் ஸ்டைலுக்காக ஐந்தில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு குழியும் முதுகில்தான் விழும்.

5. ஓட்டிப் பார்ப்பது

முதலில் சீட்டை நன்றாக அமுக்கி விடுங்கள். ஒரே தடவை எழும்பி நிற்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஊஞ்சல் ஆடினாலோ, அப்சார்பர் தண்டில் எண்ணெய் கசிந்திருந்தாலோ வளையத்தைத் திருப்பிப் பயனில்லை, பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

தெரிந்த ரோட்டில் ஓட்டுங்கள், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். பின்பக்கம் உயர்ந்தால் செயின் தொய்வும் கொஞ்சம் மாறும், அதையும் பார்த்துவிடுங்கள். ராத்திரி சுமையோடு ஒரு சுவரின் முன்னால் நிறுத்தி ஹெட்லைட் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எனக்கு அதையும் ஒரு திருகு இறக்க வேண்டியிருந்தது.