ரீஃபண்டுக்காக ஐடிஆர்-யூ போடாதீர்கள்

சித்தப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வருமானம் எஃப்டி வட்டி மட்டும்தான். 2022-23இல் 84,000 ரூபாய் வட்டி வந்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று மூத்த குடிமக்கள் வங்கிக்குத் தரும் 15எச் படிவத்தைக் கொடுக்காததால், வங்கி பத்து சதவீதம், அதாவது 8,400 ரூபாயை முன்கூட்டியே வரியாக (டிடிஎஸ்) பிடித்துவிட்டது. "வரியே இல்லாதவனுக்கு எதுக்குடா ரிட்டர்ன்?" என்று விட்டுவிட்டார். 2025 பொங்கலுக்குப் போனபோது அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். ரிட்டர்ன் போட்டுக் கேட்டால்தான் திரும்ப வரும் அந்தப் பணம் வரித்துறையிடமே இருந்தது.

பிரவுசிங் சென்டர்காரர், "ஐநூறு கொடுங்க, ஐடிஆர்-யூ போட்டுடலாம்" என்றாராம். பலரும் சறுக்குவது இங்கேதான். ஐடிஆர்-யூ என்பது விட்டுப்போன வருமானத்தைக் காட்டிக் கூடுதல் வரி கட்டுவதற்கான படிவம். 2025 பட்ஜெட்டில் அதன் கெடுவை நான்கு வருடமாக நீட்டினார்கள். அதைக் கேட்டு ரீஃபண்டுக்கும் நான்கு வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரீஃபண்ட் கேட்கவோ கூட்டவோ ஐடிஆர்-யூவில் இடமே கிடையாது.

ஜூலை 31 போன்ற முதல் கெடு தவறினாலும் டிசம்பர் 31க்குள் தாமத ரிட்டர்ன் போடலாம், ரீஃபண்டும் வரும். தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். ஐந்து லட்சத்துக்குள் வருமானம் என்றால் 1,000. வரி வரம்புக்குக் கீழே என்றால் பொதுவாக இல்லை. சம்பளக்காரர்களுக்கு இதில் இன்னொரு பள்ளம். முதல் கெடுவுக்குள் போட்டால்தான் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்க முடியும். பழைய முறையில் மட்டும் கிடைக்கும் 80சி சேமிப்புக் கழிவு, வீட்டு வாடகைப்படி எல்லாம் கணக்குப் போட்டு ரீஃபண்டை எதிர்பார்த்தவருக்கு, ஒரு வாரம் தாமதித்ததால் கட்ட வேண்டிய வரி வந்து நிற்கும். 5,000 ரூபாயைவிடப் பெரிய அடி இதுதான்.

டிசம்பரும் தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுதான் வழி. 1961 வருமான வரிச் சட்டத்தின் 119(2)(பி) பிரிவு. மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து ஐந்து வருடத்துக்குள் போட வேண்டும். சித்தப்பா கணக்கில் அது 2029 மார்ச் 31. வருமான வரி இணையதளத்திலேயே மனு போடலாம். "மறந்துவிட்டேன்" என்று ஒற்றை வரி எழுதினால் எடுபடாது. உண்மையான சிரமத்தைக் காகிதத்தோடு காட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் சித்தி ஆஸ்பத்திரியில் இருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்தோம்.

அனுமதி ஆணை வந்ததும் வேலை முடிந்தது என்று சித்தப்பா படுத்துவிட்டார். ஆணை எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அதே 119(2)(பி) பிரிவைத் தேர்ந்தெடுத்து ரிட்டர்ன் போட வேண்டும். போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஏதாவது ஒரு வழியில் சரிபார்க்காவிட்டால் அது போடாத கணக்குதான்.

அப்புறமும் பணம் வரவில்லை. அவருடைய வங்கி இன்னொன்றோடு இணைந்து, கிளையின் அடையாள எண்ணான ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தது. தளத்தில் பழைய எண். கணக்கை மறுபடி சரிபார்க்க வைத்து, ரீஃபண்டைத் திரும்ப அனுப்பக் கோரிக்கை கொடுத்தோம். ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும், என் தப்பு. பான்-ஆதார் இணைப்பையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பான் செயலிழந்திருந்தால் ரீஃபண்ட் வராது.

8,400 வந்து சேர்ந்தது. "இத்தனை வருஷம் வெச்சிருந்தானே, வட்டி?" என்றார். மன்னிப்பு மனுவில் வரும் ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது என்றேன். மறுநாளே வங்கிக்குப் போய் 15எச் வாங்கி வந்துவிட்டார்.