பத்துச் செக்கன் இயந்திரமும் நாலாயிரம் கிக்கும்

கனடாவிலிருந்து வந்த பெட்டியை முன் விறாந்தையில் வைத்துப் பிரித்தோம். சித்தப்பா அனுப்பிய பழைய ட்ரம் மெஷின், தாளம் வாசிக்கும் மின்பெட்டி. ஊரில் யாரிடமும் இல்லாத பொருள் என்பதால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். செருகியைச் சொருகினேன். சிவப்பு விளக்கு இரண்டு செக்கன் எரிந்தது. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். பிறகு பிளாஸ்டிக் கருகும் மணம். அந்த இயந்திரம் வாசித்த ஒரே தாளம் அதுதான்.

கனடாவில் சுவரில் வருவது 120 வோல்ட். கிளிநொச்சியில் வருவது 230. ஆகவே பீட் கட்டுவதில், அதாவது ராப் பாட்டுக்கு அடியில் ஓடும் தாளத்தை அமைப்பதில், முதல் தவறு இசை தொடங்கும் முன்னரே நடந்துவிடுகிறது. பின்பக்கத் தகட்டில் 100–240 என்று எழுதியிருந்தால் பயமில்லை. 100, 117, 120 என்று ஒற்றை எண் மட்டும் இருந்தால் வோல்டேஜைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். கடையில் விற்கும் சின்ன அடாப்டர் செருகியின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்டேஜை மாற்றாது. நான் அதைத்தான் போட்டிருந்தேன். லண்டனிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்த பெட்டிக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அங்கும் 230 தான்.

அந்த இயந்திரம் இல்லாமலும் பீட் கட்டலாம். மடிக்கணினி போதும், நல்ல கைத்தொலைபேசியும் போதும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பும்வரை காத்திருப்பதும் ஒரு தவறுதான்.

எந்தப் பெட்டி என்ன செய்யும் என்பதில் நம் இளைஞர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. 1980 இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 ஒரு சாம்பிளர், அதாவது வெளியிலுள்ள ஒலியைப் பதிந்து வாசிக்கும் பெட்டி, அல்ல. அதற்குள் பதிவுசெய்த ஒலி எதுவுமே கிடையாது. கிக் எனும் பெரிய ட்ரம்மின் அடி, கைதட்டல், கைத்தாளம் எல்லாவற்றையும் மின்சுற்றே பிறப்பிக்கிறது. அதே 1980 இல் ரொஜர் லின் செய்த எல்எம்-1 தான் உண்மையான ட்ரம்ஸின் பதிவுகளை வைத்து வாசித்த முதல் ட்ரம் மெஷின். ஆனால் அதற்குள் உங்கள் ஒலியை நீங்களே பதிய முடியாது. ஈ-மூ எஸ்பி-1200 1987 இலும், லின் வடிவமைத்த அகாய் எம்பிசி-60 1988 இலும் வந்தபோதுதான் எந்த ஒலியையும் பிடித்து, வெட்டி, பேட் எனும் தட்டுபொத்தானில் ஏற்றித் தட்டும் வழி ஹிப்-ஹாப் கலைஞர்களின் கைக்கு வந்தது.

அந்த எஸ்பி-1200 இன் நினைவகத்தில் மொத்தம் 10 செக்கன்தான் பதியலாம். ஒரு துண்டு அதிகபட்சம் 2.5 செக்கன். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 96 அடி என்ற வேகத்தில் நாலடிச் சுற்று ஒன்று சரியாக 2.5 செக்கன் எடுக்கும். 90 என்று வேகத்தைக் குறைத்தால் ஒரு சுற்றுக்கூட முழுதாக அடங்காது. அதனால் நியூயோர்க்கின் ஹிப்-ஹாப் கலைஞர்கள் நிமிடத்துக்கு 33 முறை சுற்றும் இசைத்தட்டை 45 வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்து, பிறகு இயந்திரத்துக்குள் மெதுவாக்கினார்கள். இப்படிச் செய்தால் 2.5 செக்கனுக்குள் ஏறக்குறைய 3.4 செக்கன் இசை அடங்கும். மெதுவாக்கியபோது அந்த 12-பிட் இயந்திரம் ஒலியின் ஓரங்களைக் கரகரப்பாக்கியது. இன்று எல்லோரும் விலைகொடுத்து வாங்கும் ‘பழைய மணம்’ அதுதான். இடத்தை மிச்சம் பிடிக்கப் போய்க் கிடைத்த கரகரப்பு அது. அதை எல்லா ஒலியின் மேலும் தூவுகிறவர்களைப் பார்க்கும்போது, கறி எரிந்துபோனதால் ருசித்தது என்று நினைத்து நாளும் கறியை எரிக்கிற ஆளின் ஞாபகம் வருகிறது.

வட்டக்கச்சியிலிருந்து வரும் தம்பி ஒருவரின் பென் ட்ரைவில் நாலாயிரம் கிக் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை இரண்டு மணிநேரம் அருகில் இருந்து பார்த்தேன். ஒன்றைத் தட்டுவார், முகம் சுளிப்பார், அடுத்தது. எல்லாவற்றையும் தனியாகக் கேட்டார். பாடலுக்குள் வைத்து ஒன்றையும் கேட்கவில்லை. தனியே கேட்கும்போது பெரிதாக முழங்கும் கிக், பேஸ் எனும் கீழ்ஸ்தாயி ஒலியும் குரலும் சேர்ந்ததும் சேறாகிவிடும். தனியே சப்பென்று இருப்பது கூட்டத்தில் சரியாக உட்காரும். அவருக்கு நான் சொன்ன வழி கடுமையானது: பதினாறு ஒலியை ஏற்று, பென் ட்ரைவைக் கழற்றி என்னிடம் கொடு, ஒரு மாதம் கழித்து வாங்கிக்கொள். எம்பிசி-60 இல் பேட் பதினாறுதான். நூல் பிடித்ததுபோல் இருபது நிமிடத்தில் ஒலியைத் தெரிவுசெய்துவிட்டுத் தட்டத் தொடங்க வேண்டும்.

இனி உடுக்கு. வன்னியில் பீட் கட்டுகிற யாருக்கும் ஒருநாள் காத்தவராயன் கூத்தின் உடுக்கைப் பிடித்துப் போட வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதில் நான் விட்ட பிழைகளைச் சொன்னாலே பாதிக் கட்டுரை முடிந்துவிடும்.

முதலில், கூத்து நடந்த இரவிலேயே பதிந்தேன். பின்னால் ஜெனரேட்டர், பக்கத்தில் கச்சான் விற்பவர், ஒலிபெருக்கியின் எதிரொலி. கைத்தொலைபேசி தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. பலமான அடி வந்ததும் குறைக்கும், அடி அடங்கியதும் ஜெனரேட்டரை மேலே தூக்கும். வீட்டில் வந்து கேட்டால் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் ஜெனரேட்டர் மூச்சுவிட்டது. பதிவு நேரத்தில் தலைதட்டி நசிந்த ஒலியைப் பிறகு எந்த மென்பொருளும் முழுதாக நிமிர்த்தாது. இரண்டாம் முறை, அண்ணாவியார் வீட்டில் பகலில் ஒத்திகை பார்க்கும்போது கேட்டுக்கொண்டு போனேன். தானியங்கி ஒலியளவை நிறுத்தக்கூடிய பதிவுச் செயலி, மூன்று முழம் தள்ளி ஒரு கதிரை, அதன்மேல் மடித்த சாரம், சாரத்தின்மேல் தொலைபேசி. அடியின் உச்சம் அளவுகோலின் மேல்முனையைத் தொடாமல் நன்றாகக் கீழேயே நிற்கும்படி வைத்துக்கொண்டேன். ஒலி குறைவாகப் பதிந்தால் பிறகு கூட்டலாம்.

வெட்டுவதில் அடுத்த பிழை. திரையில் தெரியும் ஒலியலையின் முன்பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று, மேடு எழும் இடத்தில் வெட்டினேன். உடுக்கு செத்துவிட்டது. விரல் தோலைத் தொடும் அந்தச் சில மில்லிசெக்கன்தான் காதுக்கு ‘இது உடுக்கு’ என்று சொல்கிறது. அதை வெட்டினால் மிச்சமிருப்பது ஏதோ ஒரு ‘ஊம்’. மேட்டுக்குச் சற்று முன்னால், அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்ட வேண்டும். நடுக்கோட்டில் இல்லாமல் வெட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் ‘டிக்’ என்று ஒரு பூச்சி கடிக்கும். முடிவிடத்திலும் அப்படியே. அங்கே ஒரு சிறிய மங்கல் கொடுத்தால் போதும்.

உடுக்கின் இடையில் சுற்றிய கயிற்றை அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், விட்டால் வழுக்கி இறங்கும். அந்த வழுக்கலுக்காகத்தான் அதைத் தேடிப் போகிறோம். ஐந்து அடிகளை ஐந்து பேட்டில் போட்டேன். வேகமாகத் தட்டியபோது ஒன்றின் வழுக்கல் முடியுமுன் அடுத்தது தொடங்கி, ஐந்து உடுக்குகள் ஒன்றோடொன்று சண்டை பிடித்தன. ஒரு மனிதன் கையில் இருப்பது ஒரு தோல். அடுத்த அடி விழுந்ததும் முந்தையது அடங்கிவிடும். சாம்பிளருக்கு அது தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். ஐந்து பேட்டையும், ஒன்று ஒலித்தால் மற்றது அடங்கும் ஒரே மியூட் குழுவில் சேர்த்ததும் சண்டை ஓய்ந்தது. ட்ரம்ஸில் காலால் திறந்து மூடும் சோடித் தாளமான ஹைஹேட்டிலும், திறந்த ஒலியை மூடிய ஒலி வெட்டுவதற்கு இதே குழுதான். இணையத்தில் வரும் பல பீட்களில் இதைக்கூடச் செய்யாமல் இரண்டும் ஒன்றாக ஒலிக்கக் கேட்கிறேன்.

எல்லா அடிக்கும் ஒரே வலு கொடுப்பது அடுத்த நோய். இயந்திரம் அடியின் வலுவை 127 வரை அளக்கிறது. நம்மவர்கள் எல்லாவற்றையும் 127 இல் வைத்துவிட்டு, ‘உயிர் இல்லை’ என்று இன்னொரு ஒலியைத் தேடுகிறார்கள். ஹைஹேட்டில் ஒன்றுவிட்டு ஒன்றை எழுபது, எண்பதுக்கு இறக்கிப் பாருங்கள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நேரத்துக்கு வருவோம். தட்டியதை இயந்திரம் கட்டத்துக்கு இழுத்துச் சரிசெய்வதைக் குவான்டைஸ் என்கிறார்கள். நூறு வீதம் இழுத்தால் ஆலைச் சங்குபோல் நிற்கும். இதற்கு மருந்தாக ரொஜர் லின் தன் இயந்திரங்களில் ஸ்விங், அதாவது ஒன்றுவிட்டு ஒரு தட்டைச் சற்றுப் பிந்தவிடும் வசதி, வைத்தார். நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் அரையடி ஒன்று 333 மில்லிசெக்கன். ஸ்விங் 50 வீதம் என்றால் அதைச் சரிபாதியாக, 167 இல் பிரிக்கும். 54 என்றால் இரண்டாவது கால்துண்டு 180 இல் விழும். வித்தியாசம் 13 மில்லிசெக்கன்தான், ஆனால் தலை தானாக ஆடும். 66 க்குப் போனால் 220. அது மும்மைக் கதி, குதிரை நடை. புதியவர்கள் நேரே 66 க்குப் போய்விட்டு, குதிரையில் உட்கார்ந்து தமிழில் ராப் பாட முடியவில்லை என்று கவலைப்படுகிறார்கள். 53 இலிருந்து 58 வரைக்குள் தேடுங்கள்.

குவான்டைஸை முழுதாக அணைத்துவிடு என்ற அறிவுரையும் உலவுகிறது. டெட்ரொய்ட்டின் பீட் கலைஞர் ஜே டில்லா அப்படித்தான் தட்டினார் என்று சொல்வார்கள். அவர் 2006 இல் இறந்தார். அவருடைய எம்பிசி-3000 இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அவருடைய பீட்டைக் கவனித்துக் கேளுங்கள். ஒன்று தள்ளாடும்போது இன்னொன்று நேராக நிற்கும். அதனால்தான் தள்ளாட்டம் தெரிகிறது. நம் தம்பிமார் எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளாட விடுகிறார்கள். கள்ளுத் தவறணையிலிருந்து திரும்பும் கூட்டத்தில் யார் தள்ளாடுகிறார் என்று எப்படிச் சொல்வது?

டிஆர்-808 இன் கிக்கை நீட்டிப் பேஸாக வாசிப்பதை 808 பேஸ் என்கிறார்கள். அதற்குச் சுருதி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீண்டு முழங்கும் அந்தக் கிக் ஒரு ஸ்வரம். ஆர்மோனியம் ஒரு சுருதியிலும் பேஸ் கால் சுருதி தள்ளியும் நின்றால், கேட்பவருக்குக் காரணம் தெரியாது, வயிறு மட்டும் சங்கடப்படும். கேட்கச் சிரமமாக இருந்தால் பேஸை இரண்டு ஸ்தாயி மேலே ஏற்றிச் சுருதி சேர்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

அதோடு, உங்கள் பாடலைக் கேட்கப்போவது யார், எதில்? பெரும்பாலும் கைத்தொலைபேசியில். அந்தச் சின்ன ஒலிபெருக்கிக்கு 55 ஹேர்ட்ஸ் எனும் ஆழ்ந்த பேஸ் ஒலி ஒன்று இருப்பதே தெரியாது. பேஸின்மேல் சிறிது கரகரப்பை ஏற்றினால் 110, 165 என்று மேல் அலைகள் பிறக்கும். அந்த 55 ஐ ஒலிபெருக்கி தராவிட்டாலும், மேல் அலைகளை வைத்துக் காது அதை ஊகித்துக்கொள்ளும். கரகரப்புக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் இது. தொலைபேசியில் கேட்டபின், முச்சக்கரவண்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்து ஏ-9 இல் பரந்தன்வரை போய் வாருங்கள். பின்னிருக்கையின் கீழே உள்ள அந்த ஒலிபெருக்கிப் பெட்டி, தொலைபேசி மறைத்த பொய்யை எல்லாம் சொல்லிவிடும்.

தமிழில் பாடுவதற்குப் பீட் கட்டுகிறவர்கள் செய்யும் ஒரு தவறை எந்த ஆங்கிலக் காணொளியும் சொல்லித்தராது. ஆங்கில ராப்பில் இயைபு பெரும்பாலும் வரியின் கடைசியில் விழுகிறது. அதற்கேற்ப அவர்களுடைய பீட் வரியின் முடிவில் இடம் விடும். நமக்கு எதுகை வரியின் தொடக்கத்தில். ‘குளத்து மீனைக் கேட்டுப் பார், களத்து நெல்லைக் கேட்டுப் பார்’ என்று ஒருவர் எழுதினால் காது பிடிப்பது குளத்து–களத்து. அது முதல் அடியில் வந்து உட்காரும். அதே முதல் அடியில் கிக், கைத்தாளம், 808, உடுக்கு நான்கையும் குவித்தால் எதுகை அவற்றின் அடியில் புதைந்துபோகும். முதல் அடியில் கிக்கை மட்டும் விட்டு, கைத்தாளத்தை எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை வைத்தால் சொல் மேலே வரும். பீட்டைத் தனியே கேட்டு ‘வெறுமையாக இருக்கிறது’ என்று நிரப்பாதீர்கள். அந்த வெறுமை பாடுகிறவருடைய காணி.

இனி, பிறர் பாடலிலிருந்து ஒலி எடுப்பதன் உரிமை விடயம். ‘ஐந்து செக்கனுக்குக் குறைவாக எடுத்தால் குற்றமில்லை’ என்பது கட்டுக்கதை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் அப்படிச் செக்கன் கணக்கு எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1991 இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கியின் பாடல் தொடர்பான வழக்கில் நீதிமன்றம் கண்டிப்பாகத் தீர்ப்புச் சொன்னபிறகு, அனுமதி வாங்காமல் சாம்பிள் எடுக்கும் காலம் அங்கே முடிந்தது. பழைய திரைப்பாடலை வெட்டி இணையத்தில் ஏற்றினால் பாடல் நீக்கப்படும், அவ்வளவுதான் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. 1969 இல் த வின்ஸ்டன்ஸ் குழுவின் பாடலொன்றில் கிரெகரி கோல்மன் வாசித்த ஆறேழு செக்கன் ட்ரம்ஸ், உலகில் மிக அதிகமாக வெட்டி எடுக்கப்பட்ட துண்டுகளில் ஒன்று. அவருக்கு அதற்காக ஒரு சதமும் வரவில்லை. நாளைக்கு நம் கோயில் பறையையும் கூத்து உடுக்கையும் நாமே அப்படி எடுத்தால், ஏற்கெனவே வாசித்ததற்கு ஒழுங்காகக் கூலி கிடைக்காத கைகளிலிருந்து எடுக்கிறோம். பதியும் முன் கேளுங்கள், கையில் ஏதாவது கொடுங்கள், பெயரைப் போடலாமா என்றும் கேளுங்கள். அண்ணாவியார் என்னிடம் பெயர் போடச் சொன்னார், தகப்பன் பெயரையும் சேர்த்து.

கடைசியாக, சேமிப்பு. பழைய எம்பிசிகளில் மின்சாரம் போனால் நெகிழ்தட்டில் சேமிக்காத எல்லாம் போகும். 2022 இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தபோது மின்கலம் செத்த மடிக்கணினியில் வேலை செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இன்றும் மழை இருட்டினால் முதலில் சேமியுங்கள். கோப்புக்குப் ‘புதுப் பீட் 7 கடைசி’ என்றும், அடுத்ததற்கு ‘உண்மையான கடைசி’ என்றும் பெயர் வைக்காதீர்கள். வேகம், சுருதி, மூல ஒலி மூன்றும் பெயரிலேயே இருந்தால் ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது தேட வேண்டியதில்லை. என்னுடையது ஒன்று: ‘92 – ஏ மைனர் – உடுக்கு, பகல் ஒத்திகை, நாய் குரைப்பு இரண்டாம் சுற்றில்’.